வகுப்பும் மேடையும் மைதானமும்: அமெரிக்கப் புறநகர் அரசுப் பள்ளி

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோ, டெக்சஸின் ஃபிரிஸ்கோ, கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் போன்ற ஊர்களில் வீடு வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள், வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே பள்ளியை விசாரித்துவிடுகின்றன. இந்தத் தெரு எந்த ஹைஸ்கூலின் எல்லைக்குள் வருகிறது, அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி, அங்கே படித்த பிள்ளைகள் எந்தெந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் மற்றது. இத்தனைக்கும் அது அரசுப் பள்ளி. கட்டணம் இல்லை, நன்கொடை இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை. எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். கட்டணம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டு விலையைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இந்தப் பள்ளிகளைப் பற்றிய நம்மவர் பேச்சு பெரும்பாலும் படிப்போடு நின்றுவிடுகிறது. படிப்புக்கு நல்ல பள்ளிகள் உலகில் எத்தனையோ உண்டு. ஜெர்மனியில் ஒரு பிள்ளைக்குப் போட்டி நீச்சலில் ஆசை வந்தால் ஊர் கிளப்பில் சேர வேண்டும், வயலின் கற்க இசைப் பள்ளிக்குப் போக வேண்டும். அமெரிக்கப் புறநகர் ஹைஸ்கூல் படிப்பு, கலை, விளையாட்டு மூன்றையும் ஒரே கட்டடத்துக்குள், ஒரே கால அட்டவணைக்குள் கொண்டுவந்தது. வேதியியல் ஆய்வகத்திலிருந்து வெளியே வருகிற பெண் அடுத்த பீரியடில் செல்லோ வாசிக்கலாம், பள்ளி விட்டதும் நீச்சல் குளத்தில் இறங்கலாம். நீ எதற்கு லாயக்கு என்று பதினான்கு வயதில் யாரும் அவளை முடிவு செய்யச் சொல்வதில்லை. பொதுக்கல்வி உருவாக்கிய மிக நல்ல ஏற்பாடுகளில் இது ஒன்று என்று உறுதியாக நம்புகிறேன். இது ஊர் எல்லைக்குள் அடைபட்டுக் கிடப்பதும், எல்லைக்குள்ளேயும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கே முழுதாகக் கிடைப்பதும்தான் என் வருத்தம்.

ஊர் வரிப்பணத்தில் உயர்நிலைப் பள்ளி நடத்தலாமா என்ற கேள்விக்கே ஒரு காலத்தில் வழக்கு நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் வரி கட்டுவோர் சிலர் எதிர்த்துப் போக, நடத்தலாம் என்று 1874-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1918-ல் தேசியக் கல்விச் சங்கம் அமைத்த குழு உயர்நிலைக் கல்விக்கு ஏழு நோக்கங்களை வகுத்தது. அவற்றில் உடல்நலம் முதலிடம் பெற்றது. ஓய்வு நேரத்தை நல்ல விதமாகப் பயன்படுத்துவதும் ஒரு நோக்கமாக இடம்பிடித்தது. இன்றைய பேண்டு அறைக்கும் மல்யுத்த விரிப்புக்கும் அந்தப் பட்டியலில்தான் ஆதாரம். ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959-ல் எழுதிய அறிக்கை, எல்லா வகைப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படிக்கும் பெரிய பள்ளியே அமெரிக்காவுக்கு ஏற்றது என்றது. அதே கோனன்ட் இரண்டே ஆண்டுகளில் இன்னொரு நூல் எழுதினார். வசதியான புறநகர்ப் பள்ளி ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகையில் பாதிகூடப் பெருநகரச் சேரிப் பள்ளிக்குக் கிடைப்பதில்லை என்று அதில் எச்சரித்தார். முதல் நூல் கொண்டாடப்பட்ட அளவுக்கு இரண்டாவது செவிமடுக்கப்படவில்லை.

இந்த வகைப் பள்ளிக்கு முன்னுதாரணமாகச் சொல்லப்படும் ஒன்றை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் வின்னெட்கா, வில்மெட், கெனில்வொர்த், கிளென்கோ, நார்த்ஃபீல்ட் ஆகிய ஊர்களுக்குப் பொதுவானது நியூ டிரையர் ஹைஸ்கூல். 1901-ல் தொடங்கியது. நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவான மாணவர்கள். ஒன்பதாம் வகுப்பு மட்டும் நார்த்ஃபீல்டில் தனி வளாகத்தில், மற்ற மூன்று வகுப்புகள் வின்னெட்காவில்.

அங்கே நான் மிகவும் மதிக்கும் விஷயம் குளமும் அரங்கமும் இல்லை. 1920-களிலிருந்து நடந்துவரும் ஆலோசகர் முறையைத்தான் சொல்வேன். காலையில் வகுப்பு தொடங்குமுன் இருபத்தைந்து பிள்ளைகள் அளவில் ஒரு குழு ஓர் ஆசிரியரிடம் கூடுகிறது. அவர் வழக்கமாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்தான். இந்த வேலைக்காக அவருடைய பாடச்சுமை குறைக்கப்படுகிறது. யாருக்கு எந்தப் பாடத்தில் மதிப்பெண் இறங்கியது, யார் மூன்று நாளாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், யார் நாடகத்துக்கும் ஹாக்கிக்கும் நடுவில் தவிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை கூட்டத்தில் கரைந்து போகாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. ஜோனதன் கோசோல் 1991-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பள்ளியைச் சிகாகோ நகரின் டூ சேபிள் ஹைஸ்கூலோடு ஒப்பிட்டார். இங்கே ஓர் ஆலோசகருக்கு இருபத்து நான்கு பிள்ளைகள் என்றால் அங்கே 420. இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

நியூ டிரையரின் கலைத் துறை பேர்போனது. சார்ல்டன் ஹெஸ்டன், ராக் ஹட்சன், ஆன்-மார்கரெட், புரூஸ் டெர்ன் ஆகியோர் அங்கே படித்தவர்கள். மாணவர்களே நடத்தும் வானொலி நிலையம் 88.1 அலைவரிசையில் ஒலிக்கிறது. ஆண்டுதோறும் ஜாஸ் விழா நடக்கிறது; தொழில்முறைக் கலைஞர்கள் வந்து பள்ளிப் பேண்டுகளின் வாசிப்பைக் கேட்டுத் திருத்திக் கொடுக்கிறார்கள். விளையாட்டில் மாநிலப் பட்டங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன. பின்னாளில் பாதுகாப்புச் செயலராக இருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அந்தப் பள்ளியின் மல்யுத்த வீரர். இவையெல்லாம் பணம் இல்லாமல் நடப்பதில்லை என்பதை ஊரே அறியும், ஊரே தீர்மானிக்கவும் செய்கிறது. 2010-ல் கட்டட விரிவாக்கத்துக்கு 17.4 கோடி டாலர் கடன் வாங்க அனுமதி கேட்டபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். திட்டத்தைச் சுருக்கி 2014-ல் 8.9 கோடி டாலர் கேட்டபோது இசைந்தார்கள். மக்கள் வாக்களித்துத் தங்கள் பள்ளிக்குத் தாங்களே வரி போட்டுக்கொள்ளும் காட்சி நமக்குப் புதிது. எனக்கு அதில் மரியாதை உண்டு.

வகுப்பறைக்கு வருவோம். ஒரே கூரையின் கீழ் எல்லோரும் என்பது கோனன்டின் கனவு. கூரைக்குக் கீழே தடுப்புகள் இருக்கின்றன. ஒரே பாடம் பல நிலைகளில் நடக்கும்: சாதாரணம், ஹானர்ஸ், அதற்கு மேல் ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள். ஏ.பி. 1950-களின் நடுவில் தொடங்கியது. இன்று ஏறக்குறைய 40 பாடங்களில் தேர்வு நடக்கிறது. ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ எடுத்தால் பல கல்லூரிகளில் அந்தப் பாடத்துக்கு விலக்கு உண்டு. திறமையுள்ள பிள்ளையைக் காத்திருக்க வைக்காமல் முன்னே விடுவதற்காக வந்த ஏற்பாடு, கல்லூரி விண்ணப்பத்தில் எத்தனை ஏ.பி. என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமாக மாறியது. கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கும் பள்ளிகளில், மனதுக்குப் பிடித்த ஓவிய வகுப்பை எடுத்தால் சராசரி குறைந்துவிடும் என்று பயந்து பிள்ளைகள் அதைக் கைவிடுகிறார்கள். மூன்றையும் சேர்த்துத் தரவேண்டிய பள்ளியில் ஒன்று மற்ற இரண்டையும் தின்னத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

தடுப்புகளால் விளைவதை நியூ டிரையருக்குத் தெற்கே அடுத்த ஊரான எவன்ஸ்டனில் பார்க்கலாம். எவன்ஸ்டன் ஹைஸ்கூலில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் பெருமளவில் சேர்ந்தே படிக்கிறார்கள். அதே வாசல் வழியாக உள்ளே வந்தாலும், ஹானர்ஸ் வகுப்பில் பெரும்பாலும் வெள்ளை முகங்களும் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் கறுப்பு முகங்களும் தெரிந்தன. 2010 டிசம்பரில் பள்ளி நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்தது. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம், வரலாற்றில் தனி ஹானர்ஸ் வகுப்பு இனி இல்லை. கலந்த வகுப்பில் உட்கார்ந்து, குறிப்பிட்ட தரத்தில் வேலை செய்து காட்டுபவருக்கு ஹானர்ஸ் மதிப்பு உண்டு. பெற்றோரில் ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள். ஓஹாயோவின் ஷேக்கர் ஹைட்ஸ் ஊரிலும் இதே கதைதான். அங்கே இந்த இடைவெளியைப் பற்றி மானிடவியலாளர் ஜான் ஓக்பு செய்த ஆய்வு 2003-ல் நூலாக வந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2020-ல் அந்த ஊர்ப் பள்ளி மாவட்டமும் பெருவாரியான பாடங்களில் நிலைப் பிரிவைக் கைவிட்டது. ஒன்பதாம் வகுப்பிலாவது பிள்ளைகளைக் கலந்து உட்கார வைப்பதே சரி என்பது என் எண்ணம். பதின்மூன்று வயது வரைக்கும் யாருக்கு எத்தனை டியூஷன் கிடைத்தது என்பதைத் திறமை என்று பெயரிட்டு முத்திரை குத்துவது நியாயமாகப் படவில்லை. ஆனால் கலந்த வகுப்பை நடத்தும் ஆசிரியருக்குச் சிறிய வகுப்பும் தயாரிப்புக்கு நேரமும் தராமல் பலகையை மட்டும் மாற்றினால் இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் நஷ்டம்.

படிப்புச் சுமையின் விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் சுனியா லூத்தர், வசதியான புறநகர்ப் பிள்ளைகளிடம் பதற்றமும் போதைப் பழக்கமும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று 1990-களின் இறுதியிலேயே கண்டறிந்தார். ஏழை நகர்ப்புறப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதற்காகச் சேர்த்த குழுவில்தான் அவருக்கு இந்த அதிர்ச்சி கிடைத்தது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் மாணவர் தற்கொலைகள் இரண்டு முறை அடுத்தடுத்து நிகழ்ந்து, 2016-ல் தேசிய நோய்த் தடுப்பு மையம் நேரில் வந்து ஆராய வேண்டியதாயிற்று. ஒரு காரணத்தைச் சுட்டிப் பழி போட முடியாத துயரம் அது. ஆனாலும் தூக்கம், வீட்டுப்பாடம், எதிர்பார்ப்பு ஆகியவற்றைப் பற்றி அந்த ஊர் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தது.

நம்மவர் நெருங்கிக் கவனிக்க வேண்டியது வெஸ்ட் வின்ட்ஸர்–பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டம். பிரின்ஸ்டனுக்கு அருகில், இரண்டு ஹைஸ்கூல்களைக் கொண்டது. மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானோர் ஆசிய வம்சாவளியினர், அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 2015 அக்டோபரில் கல்விக் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்குப் பதினாறு பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் 120 பிள்ளைகளை மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது, நாற்பது பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி ஊரை உலுக்கியது. ஹைஸ்கூலில் அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் அறிவிக்கப்பட்டன. நான்காம், ஐந்தாம் வகுப்பில் தொடங்கிய துரித கணக்குப் பாதை திருத்தப்பட்டது. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். குடியேறி வந்த ஆசியப் பெற்றோரில் பலர், பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குத் தடை போடுகிறார்கள் என்று கொதித்தார்கள். அந்தக் கோபத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரே ஒரு தேர்வின் வழியாகவே வறுமையைத் தாண்டி வந்தவர்களுக்குத் தேர்வைக் குறைப்பது ஏணியைப் பிடுங்குவதாகத் தெரிவது இயல்பு. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் நிற்பது வேறு இடத்தில். ஏணியின் உச்சியில் பிறந்த பிள்ளையை மீண்டும் கீழிருந்து ஏறச் சொல்கிறோம்.

அந்தச் சீர்திருத்தங்களில் நாளிதழ்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. பள்ளி இசைக்குழுவில் சேர்வதை எளிதாக்கி, அதற்குக் கீச்சிடும் உரிமை என்று பெயர் வைத்தார்கள். கிளாரினெட்டைச் சரியாக ஊதத் தெரியாமல் கீச்சென்று சத்தம் எழுப்பும் பிள்ளைக்கும் குழுவில் நாற்காலி உண்டு. ஒரு பள்ளியின் கலைத் திட்டத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை. உச்சியில் இருக்கும் பேண்டு எத்தனை கோப்பை வென்றது என்பதைச் சுவரில் மாட்டிவிடலாம். ஆறு வயதிலிருந்து தனிப்பயிற்சி பெறாத பிள்ளைக்குப் பதினைந்து வயதில் வாத்தியத்தைத் தொட வாய்ப்பிருக்கிறதா என்பதை யாராவது கேட்டால்தான் தெரியும்.

உச்சியின் அழகையும் குறைத்துச் சொல்லக் கூடாது. இண்டியானாபொலிஸுக்கு வடக்கே உள்ள கார்மெல் ஹைஸ்கூலில் ஐந்தாயிரம் மாணவர்களுக்கு மேல். அதன் அணிவகுப்புப் பேண்டு நாட்டின் மிகப் பெரிய போட்டியில் பல முறை முதலிடம் பெற்றது. அணிவகுப்புப் பேண்டு எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் இதைக் கலை என்பதா விளையாட்டு என்பதா என்று மலைக்கத் தோன்றும். கோடை விடுமுறை முடியுமுன்பே வெயிலில் கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி தொடங்கிவிடும். ஐந்து கஜத்துக்கு எட்டு காலடி வைக்க வேண்டும், அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சிறு குறிப்பேடு. எந்தத் தாளத்தில் மைதானத்தின் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அதில் இருக்கும். டிரம்பெட் வாசித்துக்கொண்டே, தலை திரும்பாமல், பின்னோக்கி நடந்து அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருவர் ஓர் அடி பிசகினால் வளைவு உடைந்து மேலே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படும். இவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் பொறியியலோ கணக்கியலோ படிப்பார்கள். அந்த வயதில் நூற்றுக்கணக்கானோரோடு சேர்ந்து ஒரே மூச்சில் ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம் அவர்களோடு வரும். சீருடை, பேருந்து, நடன அமைப்பாளர், வாத்தியம் என்று செலவு மட்டும் பெரிது. பள்ளி நிதி போதாமல் பெற்றோர் சங்கங்கள் திரட்டிக் கொடுக்கின்றன. எந்த ஊரின் பெற்றோரால் எவ்வளவு திரட்ட முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கார்மெலின் பெண்கள் நீச்சல் அணி 1987 முதல் மாநிலப் பட்டத்தை ஓராண்டும் விடாமல் முப்பதாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வென்றிருக்கிறது. இப்படி ஒரு சாதனை நிகழவே ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1972 ஜூனில் வந்த ஒன்பதாம் பிரிவுச் சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்றது. சட்டம் வருவதற்கு முந்தைய கல்வியாண்டில் நாடு முழுதும் ஹைஸ்கூல் விளையாட்டில் பெண்களின் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தொடவில்லை. ஆண்கள் முப்பத்தாறு லட்சத்துக்கு மேல். இன்று பெண்கள் முப்பத்து நான்கு லட்சம் அளவில் இருக்கிறார்கள். இரண்டு விளையாட்டில் ஆடுபவர் இரண்டு முறை எண்ணப்படுகிறார் என்பதைக் கழித்தாலும் பெரிய மாற்றம். ஒரு சட்டம் ஒரு தலைமுறைப் பெண்களின் உடலையும் நடையையும் மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

டெக்சஸில் வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து என்றால் ஊரே மைதானத்தில். டாலஸுக்கு வடக்கே ஆலன் ஊர் ஹைஸ்கூல் 2012-ல் 18,000 பேர் உட்காரும் மைதானத்தை ஏறக்குறைய ஆறு கோடி டாலரில் கட்டியது. ஒன்றரை ஆண்டில் கான்கிரீட்டில் வெடிப்புகள் கண்டு மூடினார்கள். சரிசெய்து 2015-ல்தான் மறுபடி திறந்தார்கள். உலகமே சிரித்தது. ஊரார் அதற்காக 2009-ல் இசைந்த கடன் திட்டத்தில் கலை அரங்கமும் சேர்ந்திருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. படிப்பை விளையாட்டு விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே டெக்சஸ் 1984-ல் ஒரு விதி கொண்டுவந்தது: பாடத்தில் தேறாதவருக்கு ஆட்டம் இல்லை. தலைக்காயத்தின் ஆபத்தை அமெரிக்கப் பள்ளிகள் உணர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் சாக்கரி லிஸ்டட் என்ற பதின்மூன்று வயதுப் பையன் தலையில் அடிபட்ட பிறகும் ஆட்டத்தில் மீண்டும் இறக்கப்பட்டு உயிருக்குப் போராடினான். அவன் பெயரில் 2009-ல் வந்த சட்டம், அடிபட்டவர் மருத்துவ அனுமதி இல்லாமல் களத்துக்குத் திரும்பக் கூடாது என்றது. ஐந்தே ஆண்டில் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டம் இயற்றின.

விளையாட்டிலும் கீச்சிடும் உரிமை உண்டா? ஓரளவு உண்டு. நெடுந்தூர ஓட்டம், தடகளம் போன்றவற்றில் பல பள்ளிகள் வந்தவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்கின்றன. கூடைப்பந்து, டென்னிஸ் போன்றவற்றில் தேர்வு வைத்துக் கழிப்பார்கள். நான்காயிரம் பேர் படிக்கும் பள்ளியில் கூடைப்பந்து அணிக்குப் பதினைந்து இடம்தான். பள்ளி பெரிதாக ஆக, பாடங்களின் பட்டியல் நீள்கிறது, அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு சுருங்குகிறது. கோனன்ட் பெரிய பள்ளியைப் பரிந்துரைத்தபோது இந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மூன்றையும் ஒரே நாளுக்குள் அடக்கினால் தூக்கம்தான் குறையும். மினியாபொலிஸின் புறநகரான எடினா 1996-ல் ஹைஸ்கூல் தொடங்கும் நேரத்தைக் காலை 7.20-லிருந்து 8.30-க்குத் தள்ளியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-ல் இதையே நாட்டுக்குப் பரிந்துரைத்தது. கலிபோர்னியா 2019-ல் சட்டமாக்கி, 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானோர் விளையாட்டுப் பயிற்சியாளர்கள். பள்ளி தாமதமாக விட்டால் இருட்டுமுன் பயிற்சிக்கு நேரம் போதாது என்பது அவர்கள் வாதம்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? வழக்கமான ஆண்டுகளில் கூட்டரசின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதியை மாநிலமும் ஊரும் பகிர்ந்துகொள்கின்றன; ஊரின் பங்கு பெரும்பாலும் சொத்துவரி. விலையுள்ள வீடுகள் நிறைந்த ஊரில் குறைந்த வரியே நிறைந்த பள்ளியைத் தந்துவிடும். டெக்சஸின் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் தொடுத்த வழக்கு இதை எண்களில் காட்டியது. எட்ஜ்வுட்டில் நூறு டாலர் சொத்துக்கு வரி 1.05 டாலர்; பணக்கார ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட். அதிக வரி கட்டிய எட்ஜ்வுட்டுக்கு எல்லா வழியிலும் சேர்த்து மாணவருக்குக் கிடைத்தது 356 டாலர், ஆலமோ ஹைட்ஸுக்கு 594 டாலர். இது அரசியல் சாசனத்துக்கு முரணில்லை என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே டெட்ராய்ட் வழக்கில் அதே ஐந்துக்கு நான்கில், நகரப் பள்ளிகளின் இனப் பிரிவினையைத் தீர்க்கச் சுற்றியுள்ள புறநகர்களைக் கட்டாயமாக இணைக்க முடியாது என்றது. இந்த இரண்டு தீர்ப்புகளும் புறநகர் எல்லைக்கோட்டைச் சுவராக்கின. சுவரை நியாயப்படுத்த எத்தனை சட்ட வாதம் சொன்னாலும் என் மனம் ஏற்கவில்லை.

சுவரின் கற்கள் அதற்கு முன்பே அடுக்கப்பட்டவை. நியூ டிரையர் எல்லைக்குள் உள்ள கெனில்வொர்த், 1889-ல் நிறுவப்பட்டபோதே வெள்ளையருக்கு மட்டும் என்று விதித்துக்கொண்ட ஊர். கூட்டரசின் வீட்டுக்கடன் காப்பீடே 1930-களில் இத்தகைய தடைகளை ஊக்குவித்தது. 1965 ஜூலையில் மார்ட்டின் லூதர் கிங் வின்னெட்காவின் ஊர்ப் புல்வெளியில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் முன்னிலையில் இதைக் கண்டித்துப் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் ஆசியர்களுக்கு வாசல் திறந்த குடியேற்றச் சட்டம் வந்தது. 1968-ல் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம். இன்று தமிழ்க் குடும்பம் புறநகரில் வீடு வாங்கி நல்ல பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முடிவது இந்தப் போராட்டத்தின் பலன். போராடியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு அந்த வாசல் இன்னும் திறக்கவில்லை என்பதை நாம் அறிந்திருப்பது கடமை.

ஓஹாயோவின் ஆக்ரன் நகரத்தில் கெல்லி வில்லியம்ஸ்-போலர் என்ற கறுப்பினத் தாய், புறநகரில் இருந்த தன் தந்தையின் முகவரியைக் கொடுத்துத் தன் இரு மகள்களை அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தார். 2011-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஒன்பது நாள் சிறையில் இருந்தார். ஆசிரியராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவர். கடுங்குற்றப் பதிவு அந்த ஆசையையும் அழித்திருக்கும். பின்னர் ஆளுநர் அதைக் குறைத்தார். தன் பிள்ளைக்கு நல்ல அரசுப் பள்ளி வேண்டும் என்று நினைத்ததற்கு இது தண்டனை. 2008 செப்டம்பரில் மாநில செனட்டர் ஜேம்ஸ் மீக்ஸ் தலைமையில் சிகாகோ நகரப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பள்ளி திறந்த நாளன்று பேருந்துகளில் நியூ டிரையருக்கு வந்து சேர்க்கைப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். அனுமதி கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். மாணவருக்கு இங்கே ஏறக்குறைய 17,000 டாலர், அங்கே ஏறக்குறைய 10,000 டாலர் என்ற வித்தியாசத்தை நாட்டுக்குக் காட்ட வந்தார்கள்.

சிகாகோவும் நியூ டிரையரும் அடங்கிய இல்லினாய் மாநிலம் 2017-ல் நிதிச் சூத்திரத்தை மாற்றியது. ஒரு பள்ளி மாவட்டம் சரியாக நடக்க என்னென்ன தேவை என்று கணக்கிட்டு, அந்த இலக்கிலிருந்து மிகவும் பின்தங்கிய மாவட்டங்களுக்குப் புதிய பணத்தில் முதல் பங்கு. எந்த மாவட்டத்துக்கும் முன்பு கிடைத்தது குறையாது. டெக்சஸில் 1989-ல் மாநில உச்ச நீதிமன்றம் எட்ஜ்வுட் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பின், 1993-ல் பணக்கார மாவட்டங்களின் உபரியை ஏழை மாவட்டங்களுக்குத் திருப்பும் சட்டம் வந்தது. பணக்கார ஊர்கள் அன்றிலிருந்து அதை எதிர்த்து வருகின்றன. இல்லினாய் வழியில் சண்டை குறைவு, வேகமும் குறைவு. எனக்கு டெக்சஸின் துணிவும் இல்லினாயின் கணக்கும் சேர்ந்தால் நல்லது என்று படுகிறது.

பணம் வந்து சேர்ந்தாலும் எந்த வரிசையில் செலவழிப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கணக்கு ஆசிரியரை அடுத்த ஆண்டே நியமித்து வகுப்பைத் தொடங்கிவிடலாம். இசைக்குழுவை அப்படித் தொடங்க முடியாது. புறநகர் மாவட்டங்களில் நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளி நேரத்தில் வயலினையும் கிளாரினெட்டையும் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். ஹைஸ்கூல் மேடையில் ஒலிப்பது அந்த ஐந்தாறு ஆண்டு உழைப்பு. நீச்சலும் அதே கதை. ஆக, ஏழை மாவட்டத்துக்குக் கூடுதல் நிதி ஒதுக்கும்போது முதல் டாலர் ஹைஸ்கூல் அரங்கத்துக்குப் போகக் கூடாது. நான்காம் வகுப்புக்கு ஓர் இசை ஆசிரியரும், வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கொடுக்க நூறு வாத்தியங்களும், அந்த ஆசிரியர் ஆறு ஆண்டுகள் அதே பள்ளியில் நிலைத்திருக்கப் போதுமான சம்பளமும் அதில் அடங்க வேண்டும்.